கையெழுத்துப் போடுமுன்...



காவிரியில் வெள்ளம் வந்தால் எங்கள் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை விழும். பரிசல்காரர், எண்ணெய் மசாஜ் செய்பவர், மீன் வறுத்துக் கொடுக்கும் அக்காமார் எல்லாருக்கும் அன்றோடு வருமானம் நின்றுவிடும். நஷ்டஈடு கேட்க அவர்களுக்கு முதலாளியே கிடையாது. அதனால்தான் "பையன் ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போனா போதும்" என்று நம்மைப் படிக்க வைக்கிறார்கள்.

சரி, அந்தக் கம்பெனி வேலையும் போய்விட்டால்?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நம் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். இது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2018 ஜூலையில் இதன் கீழ் 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' தொடங்கியது. வேலையிழந்தவருக்குச் சராசரிச் சம்பளத்தில் கால் பங்கு, 90 நாள் வரை, ஆயுளில் ஒருமுறை. ஆனால் மனு கடைசி முதலாளி மூலமாகத்தான் வரவேண்டும் என்றிருந்தது. வெளியே அனுப்பியவர் வாசலிலேயே போய் நிற்பதா? 2020இல், கொரோனாக் காலத்தில், அந்த விதியை எடுத்தார்கள். தொழிலாளியே கிளை அலுவலகத்தில் நேராக மனுக் கொடுக்கலாம் என்றானது. தொகையும் பாதிச் சம்பளமாக உயர்ந்தது.

ஆனாலும் முதலாளி மறுக்க வழி இருக்கிறது. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் இந்த உதவி இல்லை. "தப்புப் பண்ணினான்", "அவனாகவே போனான்" என்று நிர்வாகம் எழுதிவிட்டால் சிக்கல்தான். ஆகவே:

1. "இதுல ஒரு கையெழுத்துப் போடு, கணக்கை முடிச்சுடலாம்" என்று ராஜினாமாக் கடிதத்தை நீட்டுவார்கள். எங்கள் ஊர் அண்ணன் ஒருவரிடம் ஒரு கம்பெனியில் இப்படித்தான் வாங்கினார்கள். நீங்களாக விலகாவிட்டால் போடாதீர்கள். மிரட்டி வாங்கினால் உடனே தொழிலாளர் துறை சமரச அதிகாரிக்கு எழுதுங்கள்.

2. ஒழுங்கீனம் என்றால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விசாரணை நடத்தி, நிரூபிக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு.

3. சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், நீக்க உத்தரவு எல்லாவற்றிலும் நகல் வையுங்கள். எத்தனை நாள் சந்தா கட்டப்பட்டது என்ற கணக்கைப் பார்த்துத்தான் உதவி கிடைக்கும்.

4. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி செய்யும் பயிற்சிக் காலம் இ.எஸ்.ஐ. கணக்கில் சேராது. டிப்ளமோ முடித்துப் போகிற நாம் இதை மறக்கக்கூடாது.

இது தவணை தவணையாக நீட்டிக்கப்பட்ட திட்டம். வேலை போன தேதிக்குப் பொருந்துமா என்று கிளை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். மாதாமாதம் நம் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள். கேட்க வெட்கம் எதற்கு? உரிமையைக் கேட்டு வாங்குவோம்!