உதட்டில் தழும்புள்ளவன்

பெரு நாட்டின் மோச்சே முகப் பானைகளைப் படத்தில் பார்த்த வாசகர் ஒருவர், “இவையெல்லாம் சாமி முகங்களா?” என்று எழுதிக் கேட்டிருக்கிறார். இல்லை, மனிதர்கள்தான். பெரும்பாலும் ஆண்கள், தலைப்பாகையும் காதணியும் அணிந்த பெரிய மனிதர்கள்.

கி.பி. 100 முதல் 800 வரை அந்நாட்டின் வடக்குக் கடலோரப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த மோச்சேக்களுக்கு எழுத்து கிடையாது, குயவர் சக்கரமும் கிடையாது. அச்சுதான். சதுர்த்தியன்று எங்கள் தெருவில் பிள்ளையார் பிடிப்பவர் ஈரக் களிமண்ணை மர அச்சில் அழுத்தி எடுப்பாரே, அதே வேலைதான். இவர்களுடையது சுட்ட மண்ணாலான இரட்டை அச்சு. இரண்டு பாதிகளையும் ஒட்டி, செம்மண் குழம்பும் வெண்குழம்பும் பூசிச் சூளையில் வைத்தார்கள். தலைக்கு மேல் வளைந்தெழும் இரண்டு குழாய்கள் உச்சியில் ஒரே மூக்காகச் சேரும்.

ஒரே அச்சிலிருந்து பல பானைகள் வரும். ஒருவன் முகம் அவன் கால் படாத ஊருக்கும் போய்ச் சேரும். எழுத்தில்லாத நாட்டில் அதிகாரம் பயணம் போக இதைவிட நல்ல வழி எது?

என்னை ஆட்டிப்படைப்பவன், மேலுதட்டில் தழும்புள்ள ஒருவன். கிறிஸ்டோபர் டானன் என்ற தொல்லியல் அறிஞர், அந்தத் தழும்பை வைத்தே நாற்பதுக்கும் மேற்பட்ட பானைகளில் அவனை அடையாளம் கண்டார். சிலவற்றில் பத்து வயதுப் பையன். சிலவற்றில் முப்பதைத் தாண்டியவன். கன்னம் ஒடுங்குகிறது, தாடை இறுகுகிறது, தழும்பு மட்டும் அப்படியே இருக்கிறது. புகழப்படும் பெரிய மனிதனின் வடுவை மறைத்துவிடத் தோன்றவில்லை அந்தக் குயவருக்கு. அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

இப்படி முகம் வடிக்கப்பட்டவர்களில் சிலர் வேறு பானைகளில் கைதிகளாகவும் வருகிறார்கள்: காதணி இல்லை, ஆடை இல்லை, கழுத்தில் கயிறு. துருஹியோ நகருக்கு அருகிலுள்ள ‘நிலாக் கோயில்’ மண்மேட்டில் பலியிடப்பட்ட ஆண்களின் எலும்புகளோடு, கயிறு பூட்டிய கைதிகளின் மண் உருவங்களும் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. முகம் பானையில் ஏறியது உயிருக்குக் காவல் ஆகவில்லை.

வயிறு எரிவது வேறொன்றுக்கு. இந்தப் பானைகளில் மிகப் பலவற்றைத் தோண்டி எடுத்தவர்கள் புதையல் திருடர்கள். யார் கல்லறை, பக்கத்தில் என்ன இருந்தது என்பதையெல்லாம் மண்ணோடு கலைத்துவிட்டு, முகத்தை மட்டும் விற்றார்கள். 1987-இல் சிபான் என்ற ஊரின் கல்லறை மேட்டையும் முதலில் துளைத்தவர்கள் அவர்களே. தொல்லியலாளர் வால்டர் ஆல்வாவின் குழுவினர் காவல் போட்டு அங்கே தோண்டியதால்தான், திருடர் கைபடாத இன்னொரு கல்லறையில் ஒரு மோச்சே தலைவன் தன் பொன்னோடும் பரிவாரத்தோடும் கிடந்தபடியே நமக்குக் கிடைத்தான். உதட்டுத் தழும்புக்காரனின் பானைகளுக்கு அப்படியொரு காவல் வாய்க்கவில்லை.