ஷோகேஸில் ஒரு வெள்ளைக் கல்

எங்கள் சேலையூர் வீட்டு ஷோகேஸில், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கல் நாற்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாடப் போன மாமனார் கோயில் வாசலில் வாங்கிவந்தது. காலிஃப்ளவர் மாதிரி உருண்டை. வெள்ளிக்கிழமை தூசி தட்டும்போது விரலைச் சுரண்டும். பவளப்பாறை என்றால் இந்த வெள்ளைதான் என்று நினைத்திருந்தேன். (மோதிரத்தில் பதிக்கிற சிவப்புப் பவளம் வேறு வகை.)

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததும் தாம்பரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே புது ரயில் வந்தது. ஸ்டேஷன் எங்களுக்கு ஷேர் ஆட்டோ தூரம். பேத்தியோடு ஏறிவிட்டேன். மறுநாள் குந்துகாலில் இருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போனோம்.

தீவை ஒட்டிப் படகுக்காரர் இன்ஜினை அணைத்தார். தண்ணீர் இரண்டு ஆள் ஆழம்கூட இருக்காது. அடியில் வெள்ளையே இல்லை! தேன் நிறத்தில் மான்கொம்பு மாதிரிக் கிளைகள். கொம்பின் நுனியில் மட்டும் லேசான ஊதா. பக்கத்தில் அண்டா அளவு பச்சை உருண்டை, மேலெல்லாம் மூளை போல மடிப்பு. மஞ்சள் வரி போட்ட மீன்கள் கிளைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தன. கிளிமீன் ஒன்று பாறையைக் கடிக்கிற 'கறுக்' சத்தம் கேட்டதாகப் பேத்தி சத்தியம் செய்தாள். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் கடிப்பது உண்மைதான். கல்லோடு பாசியைக் கடித்து அரைத்து, மணலாகக் கழிக்கிற மீன் அது.

நம் கோவளத்தில் ஏன் இது இல்லை என்று கேட்டாள். பவளத்துக்கு வெயில் வேண்டும்; கலங்கல் ஆகாது. பாறையைக் கட்டுவது ஊசிமுனை அளவிலிருந்து வளரும் சின்னஞ்சிறு பிராணி. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தனக்கொரு கிண்ணம் கட்டிக்கொள்ளும். அதன் சதைக்குள் குடியிருக்கிற நுண்பாசி வெயிலில் சமைத்து, வாடகை மாதிரி வீட்டுக்காரருக்குச் சோறு போடுகிறது. நிறமும் பெரும்பாலும் அந்தக் குடித்தனக்காரர் கொடுத்ததுதான். கோடையில் தண்ணீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் பாசி வெளியேறிவிடும். உடம்பு கண்ணாடியாகி, உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரியும். உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கும். சீக்கிரம் சூடு தணிந்தால் பிழைக்கும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடா இப்படி வெளுத்தது.

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் என்று கணக்கு. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில். சுற்றியிருந்த பாறையை வெட்டி எடுத்தபின் அலையைத் தடுக்க அங்கே என்ன இருந்தது?

"எங்க அப்பா காலத்துல வள்ளம் வள்ளமா கல்லு ஏத்துவாகம்மா. எல்லாம் சுண்ணாம்புக் காளவாய்க்கு," என்றார் படகுக்காரர். "இப்ப ஒரு துண்டு எடுத்தாலும் கேஸு." 2001-இல் பாறை கட்டும் பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான் இதற்கும்.

பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் பூதக்கண்ணாடியோடு ஷோகேஸைத் திறந்தாள். கல் முழுக்கக் குட்டிக் குட்டி நட்சத்திரக் குழிகள், ஒவ்வொன்றும் ஒரு பிராணி குடியிருந்த கிண்ணம். கட்டைவிரல் அகலத்தில் மட்டும் எண்ணினாள். நாற்பத்தொன்று வந்தது. அதற்குமேல் எண்ண மாட்டேன் என்று கண்ணாடியை என்னிடம் நீட்டினாள்.