சத்தம் கேட்டதும் செயினை மாற்றலாமா?

1994-இல் சந்தைக்கு வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் போன்ற பழைய வண்டியோடு நாள்களை ஓட்டுபவர், இன்ஜினில் ‘கரகர’ சத்தம் கேட்டதுமே டைமிங் செயினுக்குச் செலவழிப்பது அவசரப்பட்ட முடிவு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் வால்வைத் திறக்கும் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது செயின், செயினைத் தொய்யவிடாமல் காப்பது டென்ஷனர். ஆனால் சத்தம் வேறு காரணத்தாலும் வரலாம்; எனவே முதலில் ஆயில் அளவு, அடுத்து குளிர்ந்த இன்ஜினில் டேப்பட் இடைவெளி, அதன்பிறகே டென்ஷனர் என்று பாருங்கள். அதன் தண்டு நுனியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால், புதுச் செயினும் சீக்கிரமே ஆடத் தொடங்கும்.

‘சத்தம்தானே, வண்டி ஓடுகிறதே’ என்பார்கள். ஆனால் தொய்ந்த செயின், அது ஓடும் பற்சக்கரத்தில் (ஸ்பிராக்கெட்) ஒரு பல் தாண்டினாலே வால்வு திறக்கும் நேரம் பிசகி, இழுவை குறையும். பிரித்த கையோடு எல்லாவற்றையும் மாற்றினால் கூலி மிச்சம் என்பதில் நியாயம் உண்டுதான். ஆனால் ஸ்பிராக்கெட் பற்கள் கூராகத் தேய்ந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.