தொலைவிலிருந்து ஒரு வகுப்பு – 9: கேள்வி நேரம்

இணையவழிக் கற்றல் தளம் ஒன்றில் பாடங்கள் குவிவது ஒன்று, அங்கே ஆசிரியரும் மாணவரும் கூடுவது வேறொன்று என்பது கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தை முன்வைத்துச் சென்ற வாரம் விளக்கப்பட்டது. அதை மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. ஆசிரியரை இத்தகைய தளத்துக்கு ஈர்ப்பது எது என்ற கேள்வியே இவ்வாரத்துக்கென வைக்கப்பட்டிருந்தது. ஆயினும், அத்தளத்தின் பாடப்பகுதியும் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கற்றல் தளங்களும் எந்த மென்பொருளின்மேல் எழுந்தனவோ, அதன் பிறப்பு வரலாற்றை முதலில் நோக்குவது தகும். திருகோணமலை–கண்டி வீதியோரக் கிராமமான கப்பல்துறையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு படிக்க முயலும் மாணவருக்கு என்ன வேண்டும் என்பதற்கான விடையின் பெரும்பகுதி அந்த வரலாற்றுக்குள் அடங்கியிருக்கிறது.

அம்மென்பொருளின் பெயர் மூடில். பாடக்குறிப்பு, ஒப்படை, வினாடிவினா, உரையாடல், புள்ளிப்பதிவு ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் நடத்த உதவும் இவ்வகை மென்பொருள் கற்றல் முகாமைத்துவ முறைமை எனப்படும். இதை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமாஸ், மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலுள்ள கேர்ட்டின் பல்கலைக்கழகத்தில், விலைகொடுத்து வாங்கப்பட்ட வேறொரு கற்றல் மென்பொருளைப் பராமரிக்கும் பணியில் இருந்தவர். அதன் போதாமைகளைக் கண்டு 1999-இல் தமக்கென ஒன்றை எழுதத் தொடங்கிய அவர், 2002 ஓகஸ்டில் அதன் முதற் பதிப்பை, எவரும் கட்டணமின்றிப் பெற்றுத் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டார். கணினித் துறையினர் இவ்வளவையும் அறிவர். ஆனால் அவர் சிறுவயதில் பாலைநிலத்தின் நடுவே, பள்ளிக்கூடம் எட்டாத ஒரு குடியிருப்பில் வளர்ந்தவர் என்பதும், சிற்றலை வானொலியில் ஆசிரியரின் குரலைக் கேட்டும், சிறு விமானம் அவ்வப்போது கொண்டுவந்து சேர்க்கும் பாடத்தாள்களை எழுதியனுப்பியும் கல்வி கற்றவர் என்பதும் அதே அளவுக்குப் பேசப்படுவதில்லை. உலகெங்கும் பரவிய ஒரு கற்றல் மென்பொருளை ஆக்கியவர் தாமே தொலைவிலிருந்து கற்ற மாணவர் என்பது, இத்தொடரின் மையக் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தியாகும்.

அவர் பயின்ற முறைக்கு வானலைப் பள்ளி என்று பெயர். அதன் வேர், அடிலெய்ட் நகரைச் சேர்ந்த அல்பிரட் ட்ரேகர் 1920-களின் இறுதியில் அமைத்த மிதி வானொலியில் இருக்கிறது. மின்சாரமோ தொலைபேசியோ இல்லாத மாட்டுப்பண்ணைகளில், மிதிவண்டியின் மிதிகளைப் போன்றவற்றைக் காலால் சுழற்றினால் சிறு மின்னாக்கி இயங்கி வானொலிக் கருவிக்கு மின் தரும். கைகள் இரண்டும் செய்தி அனுப்புவதற்கு ஓய்வாக இருக்கும். முதலில் மோர்ஸ் குறியீட்டை, அதாவது நீண்ட ஒலியும் குறுகிய ஒலியும் கலந்த எழுத்து முறையை, அனுப்புவதற்கே பயன்பட்ட இக்கருவி பின்னர் பேச்சையும் ஏந்தியது. அதன் முதல் நோக்கம் மருத்துவம்: 1928-இல் தொடங்கிய பறக்கும் வைத்தியர் சேவைக்கு நோயாளியின் வீட்டிலிருந்து அழைப்பு விடுக்க ஒரு வழி தேவைப்பட்டது.

இந்த வலையமைப்பைக் கல்விக்குத் திருப்பலாம் என்று கண்டவர் அடிலெய்ட் மீத்கி என்ற பெண்மணி. நெடுங்காலம் ஆசிரியராகவும் பின்னர் பள்ளிப் பரிசோதகராகவும் பணியாற்றியவர். பறக்கும் வைத்தியர் சேவையின் நிருவாகத்திலும் பங்கேற்றவர். வைத்தியருக்காக வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கருவியின் வழியே ஆசிரியரும் பேசலாமே என்ற அவரது எண்ணம் 1951 ஜூனில் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானலைப் பள்ளியாக நடைமுறைக்கு வந்தது. அப்பள்ளியின் பரப்பு இன்று ஏறத்தாழ 13 இலட்சம் சதுர கிலோமீற்றர் எனப்படுகிறது. இலங்கையைப் போல் இருபது நாடுகள் அதற்குள் அடங்கும்.

இங்கே கருதத்தக்கது, அப்பள்ளி தொடங்கிய சிறிது காலத்திலேயே செய்துகொண்ட ஒரு திருத்தம். முதலில் பாடங்கள் ஒருவழியாகவே ஒலிபரப்பாயின: ஆசிரியர் பேசினார், பிள்ளைகள் கேட்டனர். விரைவிலேயே ஒவ்வொரு ஒலிபரப்பின் முடிவிலும் கேள்வி நேரம் சேர்க்கப்பட்டது. பண்ணைப் பிள்ளையின் வீட்டிலிருந்த கருவி வாங்கவும் அனுப்பவும் வல்லதாக இருந்ததால் புதிய கருவியோ பெருஞ்செலவோ இதற்கு வேண்டியிருக்கவில்லை. நேர அட்டவணையில் ஓர் இடம் ஒதுக்கினால் போதுமாயிருந்தது. அவ்வாறு ஒதுக்கியபின், தன் கேள்விக்கு ஆசிரியர் தன் பெயர் சொல்லி விடை கூறுவதை அப்பிள்ளை கேட்டது; நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இன்னொரு பிள்ளையும் அதே பாடத்தில் தடுமாறுவதையும் கேட்டது. வகுப்பு என்று சொல்லத்தக்க ஒன்று உருவானது அப்போதுதான்.

சிற்றலை ஒலிபரப்பு திருகோணமலை மாவட்டத்துக்கும் புதிதன்று. ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 1984 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், நகருக்கு வடக்கே அமைந்த அஞ்சல் நிலையத்திலிருந்து ஆசியாவின் பல பகுதிகளுக்குத் தன் நிகழ்ச்சிகளை அனுப்பியது. பின்னர் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. ஆற்றல் மிக்க அந்தக் கோபுரங்கள் கண்டங்களைத் தாண்டிப் பேசின. ஆனால் கேட்பவரின் குரல் வந்துசேரும் வழி அவற்றில் இல்லை. ஒலிபரப்புக்கு அது குறையாகாது. கல்விக்கு அது பெருங்குறை.

டூகியாமாஸ் தம் மென்பொருளை வடிவமைத்தபோது, கற்பவர் பிறருக்காக ஒன்றைச் செய்து காட்டும்போதும் பிறருடன் சேர்ந்து பேசும்போதும் அறிவைக் கட்டியெழுப்பிக்கொள்கிறார் என்ற கல்விக் கொள்கையை அடிப்படையாகக் கொண்டார். சமூகக் கட்டமைப்புவாதம் என்பது அதன் பெயர். உரையாடற் பகுதியும் மாணவர் ஒருவர் மற்றவரின் ஆக்கத்தை மதிப்பிடும் பகுதியும் அம்மென்பொருளில் இடம்பெற்றதற்குக் காரணம் இதுவே. இத்தகைய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, பாடநூல்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் கடந்தகால வினாத்தாள்களும் மும்மொழியிலும் அடுக்கப்பட்ட ஒரு பேழையாக மட்டும் ஈ-தக்சலாவ பெரிதும் பயன்பட்டு வந்திருப்பது, அதை ஆக்கியவர் கற்ற பாடத்தின் பாதியைக் கைவிட்டதற்கு ஒப்பாகும். அப்பேழை பயனற்றது என்பது இதன் பொருளன்று. பரீட்சைக்கு முந்திய வாரங்களில் ஒரு வினாத்தாளின் அருமை மாணவர் அறிந்ததே. ஆனால் வினாத்தாளைப் பதிவிறக்கியவர் அத்துடன் வெளியேறிவிடுகிறார்; அவர் மறுநாள் திரும்பி வருவதற்கான காரணம் அங்கே இல்லை.

அக்காரணம் எங்கே கிடைத்தது என்பதை 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் நடந்தவை காட்டின. அமைச்சின் தளம் ஆயத்தமாக இருந்தபோதும், நாடெங்கும் ஆசிரியர்கள் வட்ஸ்அப் குழுக்களிலேயே வகுப்பை நடத்தினர். அங்கே செயலட்டையை அனுப்பினால், விடை எழுதிய தாளின் படமும் சந்தேகம் கேட்கும் குரற்பதிவும் திரும்பி வந்தன. 2021-இல் போகிட்டியாவ என்ற மலைக்காட்டு ஊரில், அலைவரிசை எட்டும் பாறையைத் தேடிப் பிள்ளைகள் ஏறிய செய்தி உலக ஊடகங்களில் வெளிவந்தது. பாடத்தை அனுப்புவதற்காக ஆசிரியரும் அங்கேயே ஏறவேண்டியிருந்தது என்பது அச்செய்தியின் இன்னொரு பகுதி.

கப்பல்துறை நிலைமைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் 1ஏபி என வகைப்படுத்தப்பட்ட பாடசாலைகளில் மட்டுமே நடைபெறுகின்றன. ஏனைய பாடசாலைகளில் கற்பவர் அப்பிரிவுகளை நாடினால் ஊரைவிட்டுப் பயணிக்க வேண்டும், பிரத்தியேக வகுப்புக்கும் அவ்வாறே. ஆகவே இங்கு தளத்தின் தேவை ஐயத்துக்கு இடமற்றது. மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களான திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய், திருகோணமலை வடக்கு ஆகியவற்றில் தமிழ்மொழி மூலம் இணைந்த கணிதமோ பௌதிகவியலோ கற்பிக்கும் ஆசிரியர்கள், ஒருவர் ஒரு பாட அலகுக்குப் பொறுப்பேற்று, அந்த அலகுக்குக் கிழமையில் ஒரு மாலைப்பொழுதைக் கேள்வி நேரமாக அறிவித்தால், அதே தளம் வேறொன்றாகிவிடும். காணொளி தேவையில்லை, குரற்பதிவும் கையெழுத்துத் தாளின் படமும் போதும், அவை குறைந்த டேட்டாவிலேயே சென்று சேரும். மூடிலின் கைப்பேசிச் செயலி பாடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்து, இணைப்பின்றிப் படிக்கவும், விடையைப் பின்னர் இணைப்புக் கிடைக்கும்போது அனுப்பவும் இடமளிப்பதால், இரவில் அலைவரிசை மங்கும் வீட்டுக்கும் அது பொருந்தும்.

ஆசிரியரின் பெயர் பாடத்தின் முகப்பில் நிற்பதும், தம் பாடத்தைத் தாமே திருத்தும் உரிமை அவரிடம் இருப்பதும் இதற்கு முன்நிபந்தனைகள். கொழும்பிலிருந்து முடிக்கப்பட்டு வரும் பாடத்தை மாற்ற முடியாத ஆசிரியர், அதை மாணவருக்குச் சுட்டிக்காட்டுவதோடு நின்றுவிடுவார். தாம் எழுதியதை இன்னொரு வலயத்து ஆசிரியர் எடுத்தாண்டு மேம்படுத்துவதைக் காண்பவரோ அடுத்த அலகையும் எழுத முன்வருவார்.

எனினும் மாலைப்பொழுதை ஒதுக்கும் அந்த ஆசிரியரின் டேட்டாவுக்கும் உழைப்புக்கும் ஈடு என்ன என்ற வினா எஞ்சுகிறது. 2021 ஜூலை 12 அன்று ஆசிரியர், அதிபர் தொழிற்சங்கங்கள் 24 ஆண்டுகாலச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியதையும், அவ்விலகல் ஒக்டோபர் வரை நீடித்ததையும் தவிர்த்துவிட்டு இவ்வினாவுக்கு நேர்மையான விடை தர இயலாது. இவ்வாரத்துக்கெனக் குறிக்கப்பட்டிருந்த அப்பகுதி, அடுத்த இதழில் முழுமையாக இடம்பெறும்.

(தொடரும்)