மெல்லிய கரிமப் படலங்களும் இராமன் நிறமாலையியலும்

ஒரு பொருளின் மேற்பரப்பில் ஒன்றிரண்டு மூலக்கூறுகளின் தடிமனில் படியும் கரிமப் படலத்தை, அது சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு அடையாளம் காண இராமன் நிறமாலையியல் பயன்படுகிறது.

கெலவரப்பள்ளி நுரை

ஓசூருக்கு அருகே தென்பெண்ணையாற்றின் குறுக்கே கெலவரப்பள்ளி அணை உள்ளது. இந்த ஆறு பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்து வருகிறது. மழைக்காலத்தில் மதகுகள் திறக்கப்படும்போது வெண்ணுரை பெருகுகிறது. இந்நீர் வயல்களுக்கும் பாய்வதால், நுரையில் என்ன இருக்கிறது என்பது உழவர்களுக்கு முக்கியமான கேள்வியாகும்.

சலவைத்தூள் மூலக்கூறுகளுக்கு நீரை நாடும் தலையும் நீரை விலக்கும் கரிமச் சங்கிலி வாலும் உண்டு. தலை நீரிலும் வால் காற்றிலுமாக அவை நெருங்கி நின்று, சுமார் 1 முதல் 2 நானோமீட்டர் தடிமனுள்ள படலமாகின்றன. ஒவ்வொரு நுரைக்குமிழியின் சுவரும் இருபுறமும் இப்படலம் போர்த்திய மெல்லிய நீர்த்தகடே.

செயல்படும் முறை

1928 பிப்ரவரி 28 அன்று சர் சி. வி. இராமன் கொல்கத்தாவில் கண்டறிந்த விளைவே இதன் அடிப்படை. மூலக்கூறின் மீது படும் ஒளியில் மிகச் சிறு பங்கு, அதன் அதிர்வுக்கு ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளிவருகிறது. மாற்றத்தின் அளவு பிணைப்புக்குப் பிணைப்பு வேறுபடும். கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு 2,900 செ.மீ⁻¹ அருகிலும், பென்சீன் வளையம் 1,600 செ.மீ⁻¹ அருகிலும் கோடுகளைத் தருகின்றன. நீரின் இராமன் சிதறல் வலுக்குறைந்தது என்பதால் ஈரமான மாதிரிகளையும் ஆராயலாம்.

இடர்ப்பாடுகளும் தீர்வுகளும்

ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்றே இவ்வாறு சிதறுகிறது. ஒற்றை அடுக்கில் மூலக்கூறுகளும் குறைவு. கழிவுநீரிலுள்ள பிற கரிமப் பொருள்கள் ஒளிர்ந்து கோடுகளை மறைப்பதும் உண்டு. 785 நானோமீட்டர் போன்ற நீண்ட அலைநீள லேசர் அந்த ஒளிர்வைக் குறைக்கும்.

1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில், சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனையில் படிந்த பிரிடின் வலுவான கோடுகளைத் தந்தது. வெள்ளி, தங்கம் ஆகியவற்றின் நுண்மேடுகளில் எலக்ட்ரான்கள் ஒருங்கே அலைவுற்று ஒளியின் மின்புலத்தைப் பெருக்குவதே முதன்மைக் காரணம் எனப் பின்னர் விளக்கப்பட்டது. இது பரப்பு மேம்பட்ட இராமன் சிதறல் எனப்படும்.

வரம்பு

இப்பெருக்கம் உலோகத்திலிருந்து சில நானோமீட்டர் தொலைவுக்குள் மட்டுமே நிகழும். உலோகத்தில் நன்கு ஒட்டும் மூலக்கூறுகளே மிகுதியாகத் தெரியும். ஆகவே கோட்டின் உயரத்தை மட்டும் கொண்டு நுரையில் ஒரு பொருள் எவ்வளவு உள்ளது எனக் கூற இயலாது. எந்த வகைப் பொருள் என்பதை இம்முறையாலும், அளவை மெத்திலீன் நீலச் சோதனை போன்ற முறைகளாலும் அறிவதே பொருத்தமானது.