சாவியும் நகலும்: முகில் தரவுத்தளத்தை இணைக்கும் முன்

இரத்தினபுரியில் களுகங்கை பெருகினால், அலுமாரியின் கீழ்த்தட்டில் உள்ள பதிவேடுகளும் நனைந்துபோகும். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வந்த வெள்ளங்களை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே குடும்ப விபரங்களைக் கடதாசியில் மட்டும் வைக்காமல் முகிலிலும் வைப்பது நல்ல யோசனைதான். முகில் என்றால் வானத்தில் இல்லை. வேறொருவர் பராமரிக்கும் கணினியை இணையம் வழியாக நாம் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான்.

எங்கள் தோட்டப்புறத்தில் நிவாரணத்துக்காகத் திரட்டிய குடும்பப் பட்டியலை, என் பழைய மாணவர் ஒருவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றித் தந்தார். எந்த லயத்தில் எத்தனை குழந்தைகள், எத்தனை வயோதிபர்கள் என்பதை வரைபடமாகப் பார்க்க நான் பவர் பிஐ மென்பொருளைத் திறந்தேன். "சேர், பாஸ்வேர்ட வட்ஸ்அப்ல அனுப்புறன், போட்டா சரி" என்றார். போட்டேன், சரிவந்தது. பட்டியலை முழுதாக அழிக்கவும் அந்தக் கடவுச்சொல்லுக்கு அதிகாரம் இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

இணைப்புக்குத் தேவை ஐந்து விபரங்கள்: சேவையகத்தின் முகவரி, கதவிலக்கம், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல். முகவரி தோட்டத்தின் பெயர் போல. கதவிலக்கம், அதாவது போர்ட், எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்கிறது. போஸ்ட்கிரெஸுக்கு வழமையாக 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306. பவர் பிஐயில் 'கெட் டேட்டா' சென்று போஸ்ட்கிரெஸைத் தெரிந்து, முகவரியையும் அதன் பின்னால் முக்காற்புள்ளியிட்டு 5432 என்பதையும் எழுத வேண்டும். அடுத்த கட்டத்தில் தரவுத்தளத்தின் பெயர். பிறகு வரும் திரையில் இடப்பக்கம் 'டேட்டாபேஸ்' என்பதைத் தெரிந்து பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் அட்டவணைகள் தெரியும்.

தெரியாவிட்டால் உடனே கடவுச்சொல்லைச் சந்தேகிக்க வேண்டாம். முகில் சேவைகள் பலவற்றில், நாம் அனுமதித்த ஐபி முகவரிகளிலிருந்து மட்டுமே உள்ளே வரமுடியும். வீட்டு இணைப்பின் ஐபி அடிக்கடி மாறும். இந்தத் தொல்லைக்காகச் சிலர் 0.0.0.0/0 என்று போட்டுவிடுவார்கள். அதன் பொருள், உலகத்தில் யாரும் கதவைத் தட்டலாம் என்பது. அன்றைய ஐபியை மட்டும் சேர்த்து, வேலை முடிந்ததும் நீக்குங்கள். வழியில் யாரும் வாசிக்காதபடி எஸ்எஸ்எல் மறையாக்கமும் இயங்க வேண்டும்.

இனிச் சாவியின் கதை. வரைபடம் பார்ப்பவருக்கு வாசிக்கும் உரிமை போதும். நிர்வாகியிடம் 'செலக்ட்' உரிமை மட்டும் உள்ள தனிப் பயனர் கணக்கு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தவறி எதை அமத்தினாலும் மூலப் பட்டியல் அழியாது.

அடுத்தது நகல். பவர் பிஐ இரண்டு வழிகளைக் கேட்கும். 'இம்போர்ட்' என்றால் தரவு நமது கோப்புக்குள் இறங்கும். சிக்னல் இல்லாத மலையிலும் வேலை செய்யலாம், ஆனால் புதுப்பிக்கும்வரை பழைய தரவுதான். 'டிரெக்ட்குவெரி' என்றால் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைக் கேட்டுவரும், இணைப்பு இல்லாவிட்டால் நிற்கும். எங்கள் பக்கத்துக்கு இம்போர்ட்தான் தோது. ஆனால் ஓர் ஆபத்து உண்டு. திரையில் மொத்த எண்ணிக்கை மட்டும் தெரிந்தாலும், இறக்கிய பெயர், அடையாள அட்டை இலக்கம், நோய் விபரம் எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்கும். அந்தக் கோப்பை ஒருவருக்கு அனுப்பினால் பட்டியலையே அனுப்பியதாகும். எனவே தேவையான நிரல்கள் மட்டும் கொண்ட 'வியூ' ஒன்றை உருவாக்கி, அந்தப் பயனருக்கு அதை மட்டும் காட்டச் சொல்லுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம், மதம், சிறுவர் பற்றிய தரவுகளைக் கூடுதல் கவனத்துக்குரியவையாகவே கருதுகிறது.

முகிலில் இருப்பதால் பத்திரம் என்றும் எண்ணக்கூடாது. 2023 இல் இலங்கை அரச முகில் மீது நடந்த கப்பத் தாக்குதலில், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளப் பெறமுடியாமற் போயின. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணையத்தோடு சேராத, அண்மைக்கால நகல் அவர்களிடம் இருக்கவில்லை. ஆகவே மாதமொரு முறையாவது முழுத் தரவையும் வெளி வன்தட்டொன்றில் எடுத்து, வெள்ளம் ஏறாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற ஏழை தன் வீட்டுக் கஷ்டத்தை எங்களை நம்பித்தான் சொன்னார். அது அமானிதம். நான் செய்த முதல் திருத்தம் சின்னதுதான்: பழைய கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன், வட்ஸ்அப்பில் வந்ததை அழித்தேன். இப்போது என் கையில் இருப்பது வாசிக்கும் சாவி மட்டுமே.