எரிமலைகளைக் கேட்டு எழுதும் அட்டவணை

இந்தோனேசிய வரைபடத்தை மேசை முழுக்க விரித்தாயிற்று! ஏறக்குறைய 17,000 தீவுகள், 120க்கும் மேற்பட்ட உயிருள்ள எரிமலைகள். முதுகில் ஒரு பை, கையில் 30 நாள் விசா. இதற்குள் எத்தனை தீக்குழிகளை எட்டிப் பார்க்கலாம் என்று நானும் தங்கையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஊர் சுற்றி வந்தபின் காட்டும் படங்களை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் வீட்டுக்குள் நடக்கும் இந்தத் திருவிழாவையும் பார்க்க வேண்டாமா? வாங்க, உள்ளே வாங்க!

இன்று மலைக்கு என்ன மனநிலை?

"அக்கா, செமேரு இன்னிக்கு எந்த லெவல்?" எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் பொழுது இந்தக் கேள்வியோடுதான் விடிகிறது. செமேரு 3,676 மீட்டர் உயரம். ஜாவாத் தீவின் மிக உயர்ந்த மலை. அரசின் எரிமலைக் கண்காணிப்பு மையம் 'மேக்மா இந்தோனேசியா' என்ற தளத்தில் ஒவ்வொரு மலையின் நிலையையும் வெளியிடுகிறது. நார்மல், வஸ்படா, சியாகா, அவாஸ் என்று நான்கு படிகள். நான்காவதுதான் உச்சகட்ட எச்சரிக்கை.

படியின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. சுமத்ராவின் மராபி மலை 2023 டிசம்பரில் இரண்டாம் படியில்தான் இருந்தது. திடீரென்று வெடித்தது, மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதனால் எண்ணுக்குக் கீழே இருக்கும் பரிந்துரையைத்தான் நாங்கள் முதலில் படிக்கிறோம். குழியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அதில் தெளிவாக இருக்கும். யோக்யகர்த்தாவை ஒட்டிய மெராபியின் உச்சி 2018 முதல் மூடியே கிடக்கிறது. பரவாயில்லை, தூரத்திலிருந்து கும்பிடு போடுவோம்!

ஒரே ரயில், இரண்டு எரிமலை

இந்தத் திட்டத்திலேயே என்னைத் துள்ள வைத்த கண்டுபிடிப்பு ஸ்ரீ தஞ்சோங் ரயில். யோக்யகர்த்தாவில் காலையில் கிளம்பி, ஜாவாவின் கிழக்கு முனையில் உள்ள கெதாபாங்கிற்கு இரவில் போய்ச் சேரும் எகானமி வண்டி. வழியெல்லாம் எரிமலைச் சாம்பலால் வளம் பெற்ற நெல் வயல்கள். அதில் ஏறி நடுவழியில் புரோபோலிங்கோவில் இறங்கினால் புரோமோ மலை. கடைசி வரை போனால் இஜென் மலை!

புரோபோலிங்கோவிலிருந்து செமோரோ லாவாங் என்ற மலைக் கிராமத்துக்குச் சிற்றுந்து உண்டு. நம்ம ஊர் ஷேர் ஆட்டோ போல ஆள் நிரம்பினால்தான் நகரும். ஆகவே அந்த நாளில் மதியத்துக்குப் பிறகு எந்த வேலையும் எழுதவில்லை. மறுநாள் விடியுமுன் எழுந்து, பெரிய எரிமலைக் கிண்ணத்துக்குள் பரந்து கிடக்கும் மணல்வெளியைக் கடந்து, படியேறி, புகையும் புரோமோவின் விளிம்பில் நிற்கப் போகிறோம். அங்கே வாழும் தெங்கர் மக்கள் இந்துக்கள். கசாடா விழாவில் காய்கறி, தானியம், கோழி, ஆடு என்று அந்தக் குழிக்குள்ளேயே காணிக்கை செலுத்துகிறார்கள். விழா அவர்கள் பஞ்சாங்கப்படி வருவதால் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். அதையும் தேடிக் குறித்தாயிற்று.

இஜெனுக்கோ நள்ளிரவிலேயே கிளம்ப வேண்டும். பாறை இடுக்கிலிருந்து பீறிடும் சூடான கந்தக வாயு காற்றுப் பட்டதும் பற்றி எரிகிறது. அந்த நீலச் சுடர் இருட்டில்தான் கண்ணுக்குத் தெரியும். விடிந்தால் கீழே பச்சையும் நீலமும் கலந்த ஏரி. அத்தனையும் கடும் அமிலம்! அதே குழியிலிருந்து தொழிலாளர்கள் 70, 80 கிலோ கந்தகத்தை மூங்கில் கூடைகளில் காவடியாகத் தோளில் சுமந்து ஏறுகிறார்கள். அவர்கள் வரும்போது ஒதுங்கி வழிவிட வேண்டும். இதை எங்கள் குறிப்பேட்டில் கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறோம்.

படகு தின்னும் ஒரு மணி நேரம்

கெதாபாங்கிலிருந்து பாலித் தீவின் கிலிமானுக்கிற்கு இரவும் பகலும் படகு போகிறது. ஜலசந்தியைக் கடக்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் பாலியின் கடிகாரம் ஜாவாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எட்டு மணிக்கு ஏறினால் இறங்கும்போது மணி பத்து! திரும்பி வரும்போது ஏறிய நேரத்திலேயே இறங்கலாம். இதைக் கண்டுபிடித்த அன்று தங்கை போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்து லோம்போக் தீவின் ரிஞ்ஜானி, 3,726 மீட்டர். மழைக்காலமான ஜனவரி முதல் மார்ச் வரை பாதையை வழக்கமாக மூடிவிடுவார்கள். அதனால்தான் வறண்ட மாதங்களான ஜூன், ஜூலையைப் பிடித்தோம். கடைசியாக ஃபுளோரெஸ் தீவின் கெலிமூத்து. ஒரே உச்சியில் மூன்று ஏரிகள். ஒவ்வொன்றும் தன் போக்கில் நிறம் மாறும்!

பைக்குள் இரண்டு பருவம்

கடற்கரையில் வியர்த்துக் கொட்டும்; புரோமோவின் விடியலில் குளிர் ஐந்து டிகிரி அளவுக்கு இறங்கும். இரண்டுக்கும் ஒரே பை. கம்பளிக் குல்லா, தலையில் மாட்டும் டார்ச், கந்தகப் புகைக்கு முகமூடி, சாம்பலுக்குக் கண்ணாடி எல்லாம் கட்டாயம். தடித்த ஜாக்கெட்டை மட்டும் விட்டுவிட்டோம். அது செமோரோ லாவாங்கில் வாடகைக்கே கிடைக்கும். விசா கட்டணம் 5 லட்சம் ரூபியா. தேவையானால் ஒருமுறை நீட்டிக்கலாம்.

காலியாக விட்ட கட்டங்கள்

அட்டவணையில் நான் மிகவும் பெருமைப்படுவது எதுவும் எழுதாத நாட்களைத்தான். 2017 நவம்பரில் அகுங் மலை கக்கிய சாம்பல் பாலி விமான நிலையத்தையே மூடவைத்தது. 2024 நவம்பரில் ஃபுளோரெஸின் லெவோதோபி லாக்கி-லாக்கி வெடித்தபோதும் பாலி விமானங்கள் ரத்தாயின. அதனால் ஒவ்வொரு மலைக்கும் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டோம். ஒரு மலை மூடினால் போக இன்னொரு மலையும் தயார். திரும்பும் விமானத்துக்கு முன்பும் சில நாட்கள் சும்மாவே இருக்கும்.

எரிமலை நாட்டில் அட்டவணையைத் திருத்தும் உரிமை மலைக்குத்தான். அதை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து எங்களுக்குப் பதற்றம் போய்விட்டது, கும்மாளம்தான் மிச்சம். ஜூன் மாதமே, சீக்கிரம் வா!